சிலி நாட்டில் கேசினோவுக்குப் போவது: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படகோனியா, அட்டகாமா என்று திட்டம் போட்டுக்கொண்டு சிலிக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் ஹோட்டல், பஸ், குளிர் பற்றியெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி இதையும் கேட்பார்கள்: "அங்கே கேசினோ இருக்காமே, ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா?" கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு உள்ளே போனவர்கள் பணத்தை மட்டுமல்ல, பயணத்தையே கெடுத்துக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்தவற்றைக் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன். இது நேரில் போகும் கேசினோக்களைப் பற்றியது மட்டும். ஆன்லைன் சூதாட்டம் இதில் இல்லை.

சிலியில் கேசினோ சட்டப்படி சரிதானா?

சரிதான். 2005 ஜனவரியில் வெளியான 19,995-ஆம் எண் சட்டம்தான் இன்றைக்கு அடிப்படை. கேசினோக்களைக் கண்காணிக்கவே தனியாக ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. எந்த ஊரில் கேசினோ வரலாம், எந்தெந்த ஆட்டங்களை நடத்தலாம், அந்த ஆட்டத்தின் விதி என்ன என்பது வரை எல்லாமே அரசு அனுமதித்த பட்டியலில் இருக்க வேண்டும்.

தென்னமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கண்டத்தில் இருக்கும் பிரேசிலில் 1946 ஏப்ரல் 30-ஆம் தேதி அதிபர் டூட்ரா ஓர் ஆணையில் எல்லாக் கேசினோக்களையும் மூடிவிட்டார். எக்குவடோரில் 2011-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மூடினார்கள். ஒரே பயணத்தில் மூன்று நாலு நாடுகளைச் சுற்றுகிறவர்கள் ஒரு நாட்டின் வழக்கத்தை அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

சான்டியாகோவில் எந்தக் கேசினோ நல்லது?

சான்டியாகோவில் கேசினோவே கிடையாது. எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் தலைநகரப் பகுதிக்குச் சட்டமே அனுமதி தரவில்லை. மற்ற ஒவ்வொரு மாநிலத்திலும் அதிகபட்சம் மூன்று, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே சாலை வழியாகக் குறைந்தது 70 கிலோமீட்டர் என்பது விதி. நாடு முழுக்க இருபத்துச் சொச்சம்தான் இருக்கின்றன.

இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் நாட்டையே கொஞ்சம் புரிந்துகொண்ட மாதிரி. சிலியில் பணம், வேலை, படிப்பு எல்லாம் தலைநகரில் குவிந்து கிடக்கின்றன என்ற குறை வெகுகாலமாக உண்டு. கேசினோவால் வரும் சுற்றுலாவும் வரியும் வெளியூர்களுக்குப் போகட்டும் என்று நினைத்தே சட்டத்தை இப்படி எழுதினார்கள். கேசினோவின் மொத்த ஆட்ட வருமானத்தில் 20 சதவீதம் தனி வரி. அதில் பாதி அந்த ஊர் நகராட்சிக்கு, பாதி அந்த மாநில அரசுக்கு.

சரி, தலைநகர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தலைநகரப் பகுதியின் எல்லையைத் தாண்டியதும் இருக்கும் இடங்களுக்குப் போகிறார்கள். தெற்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் மொஸ்டசால் பக்கத்தில் மொன்டிசெல்லோ. வடக்கே லோஸ் ஆன்டெஸ் போகும் வழியில் ரின்கொனாடாவில் ஒன்று. இரண்டுமே பெரியவை, ஹோட்டலோடு சேர்ந்தவை. ஆனால் வெளிநாட்டுப் பயணிக்கு நான் இவற்றைச் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்கும் கட்டடங்கள் அவை, இறங்கினால் சுற்றிப் பார்க்க ஊர் இல்லை.

சான்டியாகோ கடைத்தெருவில் ஸ்லாட் மெஷின் வைத்த கடைகளைப் பார்த்தேனே?

பார்த்திருப்பீர்கள். ஜன்னலை இருட்டாக மறைத்துவிட்டு, உள்ளே பத்து இருபது ஸ்லாட் மெஷின், அதாவது பணம் போட்டுச் சுழலவிட்டு ஆடும் சூதாட்ட மெஷின் வைத்திருப்பார்கள். பேட்டைக் கேசினோ என்று மக்கள் சொல்வது இவற்றைத்தான். "இது அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமை ஆட்டம்" என்று வாதாடி நகராட்சி உரிமம் வாங்கி நடத்துவதும், அதை எதிர்த்து வழக்கு நடப்பதும் பல வருடக் கதை. பயணிக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த மெஷின்களைக் கேசினோ கண்காணிப்பு அமைப்பு சோதிப்பதில்லை. ஏமாந்தால் முறையிட இடமில்லை. உள்ளே போகாதீர்கள்.

அப்படியென்றால் பார்க்கத் தகுந்தவை எவை?

முதலில் வீன்யா டெல் மார். சான்டியாகோவிலிருந்து மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் கடலோர நகரம், வால்பரைசோ துறைமுகத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பது. இந்த ஊர்க் கேசினோவுக்காக 1928-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 1930 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தோடு திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று தூண்களோடு, முன்னால் பெரிய தோட்டத்தோடு நிற்கும் கட்டடம். அதிலிருந்து வந்த வருமானம்தான் அந்தக் காலத்தில் வீன்யாவைக் கோடைவாசத் தலமாக ஆக்கியது. சூதாட்டத்தில் துளியும் ஆசை இல்லாதவர்கள்கூடக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்துப் பெரு அவென்யூவில் அலை வந்து சுவரில் மோதுவதை ரசித்துவிட்டு வரலாம்.

அடுத்து, தூரத் தெற்கில் புன்டா அரேனாஸ். மகெல்லன் நீரிணைக் கரையில் இருக்கிறது. பென்குயின் தீவுக்குப் படகு ஏறப் போகிறவர்கள் எல்லாரும் இந்த ஊரில் ஓர் இரவாவது தங்குவார்கள். வெளியே காற்று ஆளைத் தள்ளும். அந்த மாதிரி இரவில் உள்ளே வெளிச்சமும் கதகதப்பும் இருக்கும் இடத்துக்குக் கால் தானாகப் போகும். ஆபத்தும் அதுதான், பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, கொல்ச்சாகுவா பள்ளத்தாக்கின் சான்டா குரூஸ். திராட்சைத் தோட்டங்களையும் அங்கே இருக்கும் அருமையான அருங்காட்சியகத்தையும் பார்க்க வருகிறவர்களுக்காக உண்டான சிறிய கேசினோ. ஆரவாரம் குறைவு.

2005 சட்டத்துக்கு முன்பே நகராட்சி அனுமதியோடு கேசினோ இருந்த ஊர்கள் ஏழு: அரிக்கா, இக்கிக்கே, கொக்கிம்போ, வீன்யா டெல் மார், புகோன், புவேர்ட்டோ வராஸ், புவேர்ட்டோ நட்டாலெஸ். பட்டியலைப் பார்த்தால் முக்கால்வாசி சுற்றுலா ஊர்கள் என்று தெரியும்.

உள்ளே போக என்ன வேண்டும்?

18 வயது முடிந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கப் பாஸ்போர்ட் வேண்டும். கேட்கும்போது அடையாளம் காட்ட முடியாதவரை உள்ளே விடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே வாசலில் நிற்பவரிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. செல்பேசியில் இருக்கும் படத்தைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். நான் அசலைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு போவேன்.

குடித்துத் தள்ளாடுகிறவர், ஆயுதம் வைத்திருப்பவர், ரகளை செய்பவர் ஆகியோருக்கும் சட்டப்படி அனுமதி இல்லை.

நுழைவுக் கட்டணம் உண்டாமே?

உண்டு. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கேசினோ தன் இஷ்டத்துக்குப் போடும் கட்டணம் அல்ல, அரசு வரி. சிலியில் வரி, அபராதம் எல்லாவற்றையும் கணக்கிட விலைவாசியோடு மாதாமாதம் ஏறும் ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். அதில் 0.07 பங்கு ஒரு நுழைவுக்கு. அண்மை ஆண்டுகளில் அது நாலாயிரத்துச் சொச்சம் பெசோ, அதாவது நாலைந்து அமெரிக்க டாலர். கேசினோ வசூலித்து அரசு கருவூலத்தில் கட்டும். கட்டிய சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

பெசோ கணக்குக் குழப்புகிறதே, எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, சிலியில் டாலர் குறி என்பது பெசோவின் குறி. மேசையில் அந்தக் குறியோடு 5.000 என்று போட்டிருந்தால் அது ஐயாயிரம் பெசோ. இரண்டு, நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் புள்ளி வைக்கிறார்கள். ஆக 5.000 என்பது ஐந்து அல்ல. தோராயமாக ஆயிரம் பெசோவை ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். ஆயிரம் பெசோவைப் பேச்சில் "லூக்கா" என்பார்கள். "தியெஸ் லூக்காஸ்" என்றால் பத்தாயிரம்.

பெரிய எண்களாகவே பார்த்துக்கொண்டிருந்தால் பணத்தின் மதிப்பு மரத்துப்போகும். கேசினோவில் பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லைகளாக மாறிய பிறகு இன்னும் மோசம். அதனால் கிளம்பும் முன் ஒரு சிறு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 20,000 பெசோ என்றால் நம் ஊர்ப் பணத்தில் எவ்வளவு என்று. அந்தத் தாள் பையில் இருக்கட்டும்.

எவ்வளவு பணம் எடுத்துப்போவது?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓர் இரவு நல்ல உணவகத்தில் சாப்பிட்டு, ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினால் எவ்வளவு செலவழிப்பீர்களோ அவ்வளவு. அது போகப்போகிற பணம் என்று முடிவு கட்டிவிட்டுப் போக வேண்டும். நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கார்டுகளை அறையில் பூட்டி வையுங்கள். திரும்பிவர வண்டிக்கூலியைத் தனியாக, வேறொரு பையில் வையுங்கள்.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், தெற்கே ஒரு சிறிய ஊரில் என்னோடு வந்த நண்பர் ஒருவர் ஓர் இரவில் 40,000 பெசோ தோற்றார். அத்தோடு எழுந்திருந்தால் ஒன்றுமில்லை. "விட்டதைப் பிடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்றார். காலையில் பார்த்தால், டோரெஸ் டெல் பைனெ மலையில் நாலு நாள் நடக்க வைத்திருந்த பணம் முழுக்கப் போயிருந்தது. மூன்று வருடம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த பயணம். மலையை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். எழுப்பி அழைத்து வராமல் நான் அறைக்குத் திரும்பினேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கூட வந்தவர் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று சொன்னால், அவரை விட்டுவிட்டு வராதீர்கள்.

பணத்தை எங்கே மாற்றுவது?

கேசினோவில் மாற்ற வேண்டாம், விலை குறைத்துத் தருவார்கள். சான்டியாகோவில் அகுஸ்தினாஸ் தெருவில் வரிசையாக மாற்றுக் கடைகள் இருக்கின்றன, பகலில் போய் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் பெசோ கட்டணம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறவர்களுக்குக் கட்டணமே பெரிய தொகையாகிவிடும். கேசினோவுக்கு உள்ளேயோ வாசலிலோ இருக்கும் ஏடிஎம்மை இல்லாததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடை போடுவது?

கோட்டும் டையும் தேவையில்லை. முழுக்கால்சட்டை, காலர் வைத்த சட்டை, மூடிய காலணி போதும். கடற்கரையிலிருந்து நேராக அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போனால் திருப்பி அனுப்பலாம். சுடிதார், புடவை எல்லாம் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். மலையேறும் உடுப்போடு வருகிறவர்களைத் தெற்குப் பக்கம் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஸ்பானிஷ் தெரியாதே, சமாளிக்க முடியுமா?

முடியும். ஸ்லாட் மெஷினுக்கு "த்ராகமொனேதாஸ்" என்று பெயர். நேர்ப்பொருள் காசு விழுங்கி. இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. வில்லை "ஃபிச்சா". பணம் கட்டும் இடம் "காஹா". சீட்டுப் போடுகிறவரும், பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றுகிறவரும் "க்ரூபியெர்".

ரூலெட் மேசையில் கேட்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: "நோ வா மாஸ்". இதற்கு மேல் வைக்காதே என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகு மேசைமேல் கை நீட்டவே கூடாது. தெரியாமல் நீட்டினாலும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மேசையில் உட்காரும் முன் தெரிய வேண்டிய வழக்கங்கள்?

பணத்தைக் க்ரூபியெர் கையில் கொடுக்காதீர்கள், மேசைமேல் வையுங்கள். அவர் கேமரா பார்க்கும்படி விரித்துக் காட்டி, பிறகு வில்லை தருவார். ரூலெட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிற வில்லை அந்த மேசைக்கு மட்டும்தான், எழுந்திருக்கும்போது அங்கேயே கொடுத்துப் பொது வில்லையாக மாற்றிக்கொண்டு காஹாவுக்குப் போக வேண்டும். படம் எடுக்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்து செல்பேசி பேசக் கூடாது.

ஜெயித்தவர் க்ரூபியெருக்கு ஒரு வில்லை தள்ளிவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஊழியர்கள் அதைப் பொதுப்பெட்டியில் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் நல்ல பழக்கம்.

எந்த ஆட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்?

எதிலும் நீண்ட நேரத்தில் ஜெயிக்க வாய்ப்பு இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆட்டத்தில் பணம் மெதுவாகப் போகும் என்பதுதான். அதற்குக் கணக்கு இருக்கிறது.

ரூலெட்டை எடுத்துக்கொள்வோம். உட்காரும் முன் சக்கரத்தில் எத்தனை சுழியம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சுழியம் இருந்தால் மொத்தம் 37 குழி, வைக்கும் ஒவ்வொரு 100 பெசோவிலும் சராசரியாக 2.70 பெசோ வீட்டுக்கு, அதாவது கேசினோவுக்கு. இரண்டு சுழியம் இருந்தால் 38 குழி, 100-க்கு 5.26. ஒரே ஒரு குழி கூடியதால் நட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு.

21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 2 பெசோவுக்கு 3 பெசோ தர வேண்டும். சில மேசைகளில் 5-க்கு 6 என்று எழுதியிருப்பார்கள். அந்த மேசையில் உட்காராதீர்கள், அந்த ஒரு விதியே 100-க்கு ஒன்றரை பெசோ அளவுக்கு உங்களுக்கு எதிராகப் போகும். சிலியில் "புன்தோ இ பங்கா" என்று அழைக்கப்படும் பக்காரா, ஆட்டக்காரர், வங்கி என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பணம் வைக்கும் சீட்டாட்டம். அதில் வங்கிப் பக்கம் வைத்தால் 100-க்கு ஒரு பெசோ சொச்சம்தான் நட்டம். அதே மேசையில் சமநிலை என்று வைத்தால் 14-க்கு மேல்.

ஸ்லாட் மெஷினில் சிக்கல் வேகம். ஒரு சுற்றுக்கு 300 பெசோ, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 600 சுற்று, மொத்தம் 1,80,000 பெசோ சுழன்றிருக்கும். மெஷின் 100-க்கு 8 பிடிக்கிறது என்று கொண்டால்கூட 14,400 பெசோ காலி. ரூலெட்டில் ஒரு தடவைக்கு 2,000 வீதம் மணிக்கு 40 தடவை வைத்தால் சுழல்வது 80,000 பெசோ. ஒற்றைச் சுழியச் சக்கரத்தில் அதற்குச் சராசரி நட்டம் 2,160. சின்னத் தொகைதானே என்று மெஷினில் உட்காருகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். எனக்குக் கேட்டால், கூட்டமாக உள்ள ஒரு ரூலெட் மேசையில், குறைந்தபட்சத் தொகையில், மெதுவாக ஆடுங்கள். பக்கத்திலிருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இத்தனை தடவை கறுப்பு வந்தது, அடுத்து சிவப்புதான் என்கிறார்களே?

மேசைக்குப் பக்கத்தில் பலகையில் கடைசி இருபது எண்களை ஒளிரவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வருகிறது. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. பத்துத் தடவை கறுப்பு வந்த பிறகும் சிவப்புக்கு 37-இல் 18 வாய்ப்புதான். தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போகும் முறையும் இதே தவறு. 2,000-இல் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் எட்டாவது தடவை வைக்க வேண்டியது 2,56,000. அதற்குள் மேசையின் உச்சவரம்பு வந்துவிடும்.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

மெஷின்கள் பகலிலேயே தொடங்கிவிடும். மேசைகள் மாலைக்கு மேல்தான். சிறிய ஊர்களில் எல்லா நாளும் மேசை திறப்பார்கள் என்று சொல்ல முடியாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சிலிக்காரர்கள் இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பிடுவார்கள், ஆகவே எட்டு மணிக்குப் போனால் மேசைகள் அமைதியாக இருக்கும், க்ரூபியெரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். பிப்ரவரியில் வீன்யாவில் பாட்டுத் திருவிழா நடக்கும் வாரத்திலும், ஆண்டு முடிவில் வால்பரைசோ விரிகுடாவில் வாணவேடிக்கை நடக்கும்போதும் ஊரே பிதுங்கும், ஹோட்டல் விலையைக் கேட்கவே முடியாது.

இரவில் எப்படித் திரும்புவது?

சான்டியாகோவில் பஹரித்தோஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து வீன்யாவுக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆனால் கடைசி பஸ் கிளம்பும் நேரத்தில் கேசினோவில் கூட்டமே சேர்ந்திருக்காது. ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம், வீன்யாவிலேயே தங்கிவிடுங்கள்.

அறைக்குத் திரும்ப, வாசலில் நின்று வண்டி தேடாமல் உள்ளேயிருந்தே செயலி மூலம் வண்டி வரவழைத்து, வந்ததும் வெளியே போங்கள். கையில் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடுவது சிலி நகரங்களில் அடிக்கடி நடக்கிறது.

வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் குடித்தால் ஓட்டவே கூடாது. 2012 முதல் ரத்தத்தில் லிட்டருக்கு 0.3 கிராம்தான் வரம்பு, பிஸ்கோ சவர் என்ற திராட்சைச் சாராயக் கலவையை ஒரே ஒரு கோப்பை குடித்தாலே தாண்டிவிடலாம். 2014 சட்டத்தின்படி, குடித்து ஓட்டி யாருக்காவது உயிர்ச்சேதமோ பெரிய காயமோ ஏற்பட்டால் சிறை நிச்சயம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். மெஷின்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் உள்ளூர் அம்மாக்களும் பாட்டிகளும் ஏராளம். உள்ளே பாதுகாப்பு நன்றாகவே இருக்கும். திரும்பி வரும் வழியைத்தான் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு வந்திருக்கிறோம், என்ன செய்வது?

ஆட்டக் கூடத்துக்குள் 18 வயதுக்குக் கீழே யாரையும் விடமாட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் போவதுதான் வழி. ஹோட்டலும் உணவகமும் தனி வாசலோடு இருந்தால் குடும்பத்தோடு சாப்பிடலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

"இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஏனென்றால் "கார்னெ" என்பது அவர்களுக்கு மாட்டிறைச்சி. "சோய் வெஹெத்தாரியானோ" என்றும், பெண்கள் "வெஹெத்தாரியானா" என்றும் சொல்லுங்கள், கூடவே கோழி, மீன் இல்லாமல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவகாடோவுக்கு அங்கே "பால்தா" என்று பெயர், எதிலும் இருக்கும், பசி தீர்க்கும். உணவக ரசீதில் 10 சதவீதம் டிப்ஸ் சேர்க்கட்டுமா என்று கேட்பது வழக்கம்.

உள்ளே புகை நாற்றம் இருக்குமா?

இருக்காது. 2013 முதல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை. புகைப்பவர்களுக்குத் திறந்தவெளி முற்றம் உண்டு.

பெரிய தொகை ஜெயித்துவிட்டால்?

உடனே காஹாவுக்குப் போங்கள். மெஷினில் ஜெயித்தால் காசாக வராது, சீட்டாக அச்சாகி வரும், அதைத் தொலைக்காதீர்கள். பெரிய தொகைக்குப் பாஸ்போர்ட் விவரம் எழுதிக்கொள்வார்கள். பண மோசடித் தடுப்புச் சட்டப்படி கேசினோக்களும் கணக்குச் சொல்ல வேண்டியவை, 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றம் அரசுக்குத் தெரிவிக்கப்படும். நாட்டை விட்டு அந்த அளவு ரொக்கத்தை எடுத்துப்போகிறவரும் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் வரி கட்டும் குடியிருப்பாளருக்கு ஒன்று: வெளிநாட்டில் சூதாட்டத்தில் ஜெயித்ததும் இங்கே வருமானம்தான், 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும். தோற்றதைக் கழிக்க முடியாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சூதாட்டப் பழக்கம் இருந்து, விட்டுவிட்டேன். வேடிக்கை பார்க்க மட்டும் போகலாமா?

போகாதீர்கள். கட்டடத்தைப் பகலில் வெளியிலிருந்து பாருங்கள், போதும். வெளியூர், யாருக்கும் நம்மைத் தெரியாது, கையில் புரியாத நாணயம், தூக்கமும் சரியில்லை. பழைய பழக்கம் திரும்ப வர இதைவிடத் தோதான சூழல் கிடையாது. கூட வருகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. குறுக்கே நின்று காப்பாற்ற அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சிலியில் இதற்கு "லுதோபதியா" என்று பெயர், நோயாகவே பார்க்கிறார்கள். என்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

உள்ளே இருக்கும்போது நிலநடுக்கம் வந்தால்?

சிலியில் இது வெறும் பயம் அல்ல, சின்ன அதிர்வு எப்போதும் வரும். உள்ளூர்க்காரர்கள் பதறாமல் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். நிற்கவே முடியாத அளவுக்குக் குலுங்கினால் கண்ணாடி, தொங்கும் விளக்கு, மெஷின் வரிசை ஆகியவற்றிலிருந்து விலகி, நின்றதும் ஊழியர் காட்டும் வழியில் வெளியேறுங்கள். வில்லையைப் பொறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வீன்யா, இக்கிக்கே, கொக்கிம்போ போன்ற கடலோர ஊர்களில் பலமான அதிர்வுக்குப் பிறகு சுனாமி எச்சரிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது, தெருவில் அலைப்படம் போட்ட பலகைகள் காட்டும் திசையில் மேட்டுக்கு நடக்க வேண்டும். 2004-ஐப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. எப்படிச் செலவழிக்கச் சொல்வீர்கள்?

காலையிலேயே பஸ் பிடித்து வால்பரைசோ போய் மலைத்தெருக்களையும் சரிவில் ஏறி இறங்கும் பழைய மின்தூக்கிகளையும் பாருங்கள். பிற்பகல் அங்கிருந்து ரயிலில் கடலோரமாக வீன்யாவுக்கு வாருங்கள், இருபது நிமிடம்கூட ஆகாது. மாலைக் கடலைப் பெரு அவென்யூவில் நின்று பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, எட்டரை மணிக்குக் கேசினோவுக்குள் போங்கள். 20,000 பெசோ, ஒற்றைச் சுழிய ரூலெட் இருக்கிறதா என்று ஒரு சுற்றுத் தேடல், ஒன்றரை மணி நேரம். பத்து மணிக்கு வெளியே வந்தால் கடற்காற்று சில்லென்று இருக்கும், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.